அப்பனுக்கு மூன்று அடைப்பு, மகனுக்கு ஒன்று

8 ஜனவரி 2006, ஞாயிறு

என் எழுத்து கோணலாக இருக்கும். சில இடத்தில் கோட்டுக்கு மேலே ஏறும், சில இடத்தில் கீழே இறங்கும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் யார் படிப்பார்கள்? மகன் சந்திரமோகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மருமகள் ஸ்ரீஜா தெலுங்குக்காரி. பேத்திக்கு இங்கிலீஷ் படிப்பு. ஹைதராபாத்தில், மெட்டுகுடாவில் இருக்கும் இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்! எழுபத்தொரு வயது நடேசன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கடைசி நாள் வரைக்கும் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

கற்றுக்கொடுத்தது லூர்துமேரி டீச்சரம்மா. ரிடையர் ஆன பிறகு, மாதா கோயில் பின்பக்க ஹாலில் ஞாயிறு சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகளுக்குப் பாடம் எடுக்கிறார். தினமும் முடியாவிட்டால் வாரத்துக்கு ஒரு தடவையாவது டைரி எழுதச் சொல்லியிருக்கிறார்.

"எதைப் பத்தி எழுதுறது டீச்சரம்மா?"

"ஏன், உங்க வீட்ல ஒண்ணுமே நடக்கலையா?"

ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொன்னேன்.

ஒரே ஒரு குறை. இந்த ஊரில் எந்தப் போர்டும் தமிழில் இல்லை. படிக்கக் கற்றுக்கொண்ட பிறகும் பஸ் எங்கே போகிறது என்று பக்கத்து ஆளைத்தான் கேட்கிறேன்.

15 ஜனவரி, ஞாயிறு

நேற்றுப் பொங்கல். என் இலையில் வைத்த நெய்ப் பொங்கலை ஸ்ரீஜா அப்படியே எடுத்து மோகன் இலைக்கு மாற்றினாள். "வத்து மாமய்யா, வேணாம், உங்களுக்கு ஒத்துக்காது." எங்கள் வீட்டு வழக்கம் இது. எனக்கு ஆகாதது எல்லாம் அவன் தட்டுக்குப் போகும். முட்டை, ஆட்டுக்கறிக் கொழுப்பு, எண்ணெயில் போட்ட வடை. அவன் வயசுப் பையன், ஜீரணம் ஆகிவிடும் என்று சொல்வாள். முப்பத்தெட்டு வயதைப் பையன் என்று சொல்வது அவளுக்கு ஒரு பிரியம்.

என் நெஞ்சைப் பற்றி எழுதி வைக்கிறேன். ரிடையர் ஆன புதிதில் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினால் பாதிப் படியில் நெஞ்சில் யாரோ பெட்டியை வைத்தது போல இருக்கும். நின்றால் போய்விடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, முன்பு நின்ற படிக்கு ஒரு படி கீழேயே நிற்க வேண்டியதாயிற்று. ரயில்வே ஆஸ்பத்திரியில் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கையில் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். மூன்று ரத்தக் குழாயில் அடைப்பு. ஆபரேஷன் என்றார்கள். நான் மாட்டேன் என்று மாத்திரையிலேயே ஓட்டுகிறேன். வலி வந்தால் நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரை. இப்போது எனக்கும் வலிக்கும் நல்ல பழக்கம். எந்த இடத்தில் வரும், எப்படிப் போகும் என்று தெரியும். தெருவில் யாருக்காவது நெஞ்சு பிடித்தால் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். பாதி டாக்டர் ஆகிவிட்டேன்.

3 பிப்ரவரி, வெள்ளி

எழுத வேண்டும் போல இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்லக்கூடாது.

மோகன் மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அமெரிக்காக்காரர்களுக்குப் பகல் என்றால் இவனுக்கு ராத்திரி வேலை. இன்று காலை வந்தவன் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுவிட்டான். கை நெஞ்சில். நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னாடா மோகனா?"

"கேஸ் நைனா. ராத்திரி கேன்டீன்ல பிரியாணி."

எனக்குத் தெரியாதா அந்த நிற்கிற விதம்? சட்டைப் பையிலிருந்து என் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். நாக்கடியில் வைத்தான். படியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். போய்விட்டது.

"ஹவ் நைனா, ஆமா, போயிடுச்சி. ஆனா தலை வலிக்குது."

"எனக்கும் வலிக்கும். அது அப்படித்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். ஸ்ரீஜாவிடம் சொல்லாதே என்றான். "அவளை கைக்கு பயமுறுத்தணும்?" இந்த ஊர் ஹிந்தியில் கைக்கு என்றால் எதற்கு. சரி என்று வாக்குக் கொடுத்தேன். வலி வந்தால் நில், உட்கார், மாத்திரை வை, பயப்படாதே என்று சொல்லிக்கொடுத்தேன். பத்து மாத்திரை கிழித்துக் கொடுத்தேன். ஏதோ என் கைவேலையை மகனுக்குக் காட்டியது போல ஒரு பெருமை. கிழவன் என்னையே இத்தனை வருஷமாக இந்த வியாதி ஒன்றும் செய்யவில்லை. இவன் வயசுக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது.

5 பிப்ரவரி

கேஸ் என்றால் என் மாத்திரைக்கு ஏன் அடங்கியது?

12 பிப்ரவரி, ஞாயிறு

வகுப்பில் மனசு நிற்கவில்லை. டீச்சரம்மா என் பக்கத்தில் வந்து நின்று, "கண்ணு புத்தகத்துல இருக்கு. ஆளு எங்க போயிட்டாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பு முடிந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நெஞ்சு லேசானது.

"மருமககிட்ட சொல்லுங்க."

"வாக்குக் குடுத்திருக்கேன் டீச்சரம்மா."

"எங்கிட்ட மட்டும் சொல்லலாமா? நான் என்ன சுவரா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ரயில்வே கேட்டில் வண்டி போனதுகூடத் தெரியவில்லை.

13 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். வீட்டில் தெலுங்கிலும் தமிழிலும் ஹிந்தியிலும் சண்டை. மோகன் என்னைப் பார்க்காமல் ஆபீஸ் போனான். பரவாயில்லை.

20 பிப்ரவரி, திங்கள்

பாஸ்!

ஸ்ரீஜா விடவில்லை. கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லேபில் அவனை ஓடும் பெல்ட்டில் ஏற்றி, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிச் சோதனை செய்தார்கள். கடைசி வரைக்கும் ஓடினானாம். ஒரு கோணலும் இல்லையாம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதே மாதிரி பெல்ட்டில் நான் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே நிறுத்து நிறுத்து என்று இறக்கிவிட்டார்கள்.

"நைனா ஃபெயிலு, நான் பாஸு!" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். என்மேல் இருந்த கோபமும் போய்விட்டது. ஸ்ரீஜா பாயசம் வைத்தாள். எனக்கு நாலு ஸ்பூன். மிச்சம் அவன் தட்டுக்கு.

எனக்குக் காது குளிர்ந்தது. ஆனால் பேப்பரில் வேறு ஏதும் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் நார்மல்" என்றான். இங்கிலீஷ் பேப்பர். நான் எங்கே படிப்பது? அவன் என்னைத் தாண்டிப் போகும்போது சிகரெட் வாசனை. கேட்டால் பக்கத்தில் இருப்பவன் பிடித்தான் என்கிறான்.

5 மார்ச், ஞாயிறு

செகந்திராபாத்தில் தமிழ் வாரப் பத்திரிகை விற்கும் கடைக்கு நானே போனேன். ஒரு ஜோக்கை முழுசாகப் படித்து அங்கேயே நின்று சிரித்தேன். கடைக்காரர் பயந்துவிட்டார்.

19 மார்ச், ஞாயிறு

மோகன் சாப்பிடும்போது இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான். பைக் ஓட்டுவதால் என்றான். பாஸ் ஆனவன்தானே. நான் ஏன் இப்படி அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

25 மார்ச், சனி

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை. படி ஏறவில்லை, ஓடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். "நைனா" என்று ஒரு குரல். போய்ப் பார்த்தால் முகம் சாம்பல். மாத்திரை வைத்தேன். நில், உட்கார், பயப்படாதே. காத்திருந்தேன். எனக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் இறங்கும். இறங்கவில்லை. இன்னொன்று வைத்தேன். வேர்வை சட்டையைத் தாண்டி வந்தது. அப்பவும் நான் காத்துட்டுதான் இருந்தேன்! எனக்கு இறங்குமே, எப்பவும் இறங்குமே, இவனுக்கு ஏன் இறங்கல — இதையே நினைச்சிட்டு அவன் கையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். அறிவு கெட்டவன்.

ஸ்ரீஜா சமையலறையிலிருந்து வந்தாள். பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. தெருவுக்கு ஓடி ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள். "மாமய்யா, அந்தப் பக்கம் பிடிங்க." அவ்வளவுதான். அவள் வரவில்லை என்றால் நான் மூன்றாவது மாத்திரை வைத்துக்கொண்டிருப்பேன்.

உயிர் இருக்கிறது. எனக்குப் படம் எடுத்த அதே பெரிய ஆஸ்பத்திரியில், அடைத்த இடத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

26 மார்ச், ஞாயிறு

ஸ்டென்ட் வைத்த டாக்டர் பத்மஜா அம்மாவைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன். எனக்கு மூன்று அடைப்பு, நடமாடுகிறேன். இவனுக்கு ஒரே ஒரு அடைப்பு, சாகக் கிடந்தான். சோதனையில் வேறு பாஸ். இது என்ன நியாயம்?

நல்ல பெண்மணி. கோபப்படாமல் தெலுங்கில் சொன்னார். நான் புரிந்துகொண்டதை என் பாஷையில் எழுதுகிறேன்.

என்னுடையது வருஷக் கணக்கில் படிந்த அடைப்பு. சுண்ணாம்பு போல இறுகிப்போனது. மெயின் லைன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும்போதே, உடம்பு பக்கத்தில் சின்னச் சின்ன லூப் லைன் போட்டுக்கொண்டது. அதனால் வண்டி மெதுவாகவாவது ஓடுகிறது. ஏற்றத்தில் மட்டும் திணறுகிறது. அதுதான் என் வலி. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிற வலி.

மோகனுக்கு அப்படி இல்லை. குழாய் ஏறக்குறைய திறந்தேதான் இருந்தது. அதனால்தான் பெல்ட்டில் நன்றாக ஓடினான். குழாயின் உள்பக்கம் ஓரிடத்தில் மெல்லிசாகக் கொழுப்பு படிந்திருந்தது. அது வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, ஒரேயடியாக மூடிக்கொண்டது. லூப் லைன் போட உடம்புக்கு நேரமே இல்லை. சின்ன வயசுக்காரர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறதாம். ஒரு குழாய்தான் கெட்டிருக்கும், முதல் தடவையே பெரிதாக வரும். சிகரெட்டும், ரத்தத்தில் கொழுப்பும், வீட்டில் அப்பாவுக்கு இருப்பதும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். லேப் பேப்பரில் கொழுப்பு அதிகம், சிகரெட்டை விடவும் என்று அப்போதே எழுதியிருந்ததாம். எங்களுக்கு "நார்மல்" மட்டும் மொழிபெயர்த்திருக்கிறான்.

மாத்திரை கொடுத்துக் காத்திருந்தேன் என்று சொன்னேன். "உங்க வியாதிய வச்சு அவர் வியாதிய அளந்துட்டீங்க தாத்தா" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்னொன்றும் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை. ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே உறைந்து மூடிவிடும்.

2 ஏப்ரல், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டான். டீச்சரம்மா சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். ஆபீஸுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறான்.

"எதுக்குடா பொய்?"

"நைனா, ஆகஸ்ட்ல அமெரிக்கா அனுப்புறாங்க. ஹார்ட்னு தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

டீச்சரம்மா, "அப்பெண்டிக்ஸுக்கு நெஞ்சிலயா கை வைப்பாங்க தம்பி?" என்றார். அவன் சட்டென்று கையை எடுத்தான்.

16 ஏப்ரல், ஞாயிறு

வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். மறுபடி ராத்திரி வேலை. நன்றாக இருக்கிறேன், முன்னைவிட நன்றாக இருக்கிறேன் என்கிறான். அது உண்மைதான். படியை இரண்டிரண்டாக ஏறுகிறான். பார்க்கவே பயமாக இருக்கிறது.

நேற்று உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு லேசாக வந்தது. இதுவரைக்கும் உட்கார்ந்து வந்ததில்லை. வீட்டில் ஒரு பேஷண்ட் போதும். என்னுடையது பழசுதானே.

30 ஏப்ரல், ஞாயிறு

அவன் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

கேட்டேன். சத்தம் போட்டான்.

"உனக்கு வயசாச்சு நைனா, நீ பேஷண்ட்டு. எனக்கு ரிப்பேரு, ரிப்பேர் முடிஞ்சிடுச்சு. அந்த மாத்திரையப் போட்டா ஷேவ் பண்ணாக்கூட ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க. நக்கோ, வேணாம், விட்டுடு."

"டாக்டரம்மா ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாதுன்னு..."

"நீ எட்டு வருஷமா ஆபரேஷன் நக்கோன்னு சொன்ன. உன்னை யாராவது கேட்டாங்களா?"

இதற்கு என்ன சொல்வது? நான் சொன்னது நோட்டீஸ் கொடுக்கிற வியாதிக்கு. இவனுடையது நோட்டீஸ் கொடுக்காது. இதைச் சொல்வதற்குள் பைக் சத்தம் தெருமுனைக்குப் போய்விட்டது.

ஸ்ரீஜாவிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். இந்தத் தடவை வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

7 மே, ஞாயிறு

ஸ்ரீஜா அவனைச் செக்கப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஈசிஜியும் ரத்தமும் கொடுத்துவிட்டு, ஆபீஸ் போன் வந்தது என்று டாக்டரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டான். அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டுமாம். ஸ்ரீஜாவுக்கு அன்றைக்கு லீவு கிடையாது. "நீங்க கூடப் போங்க மாமய்யா. இல்லன்னா அவரு வாசல்லயே திரும்பிடுவாரு."

எனக்கு இந்த வாரம் இரண்டு தடவை. உட்கார்ந்தபடியே. ஒரு தடவை மாத்திரைக்கு அடங்க நேரமாயிற்று.

15 மே, திங்கள்

என்ன நாள் இது! ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நர்ஸ் பேனா கொடுத்தாள். வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் ஃபைலை நான்தான் வைத்திருந்தேன். மோகன் வாசலில் போனில் பேசிக்கொண்டே நின்றான். நான் உள்ளே போய்க் கவுண்டரில் ஃபைலை நீட்டினேன். அந்தப் பெண் ஃபைலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உடனே சக்கர நாற்காலி வந்துவிட்டது.

"கூர்ச்சோண்டி தாதகாரு." உட்காரச் சொல்கிறாள்.

நான் பேஷண்ட் இல்லையம்மா, என் மகன்தான் என்று தெலுங்கில் சொன்னேன். அவள் தள்ளுகிற ஆளிடம், "எல்லாத் தாத்தாவும் இப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்தாள். வாசலைப் பார்த்தேன். மோகன் காதில் போனோடு என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு. போ போ என்று கை காட்டினான். நானும் கொஞ்சம் அனுபவித்தேன் என்பது உண்மை. அந்தத் தரை வழவழப்பு, வண்டி ரயில் மாதிரி போயிற்று. ஒரு அறையில் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். எனக்கு அடிக்கடி எடுப்பதுதானே என்று இருந்துவிட்டேன்.

சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன டாக்டர், "சந்திரமோகன்!" என்று கூப்பிட்டார். மோகன் உள்ளே வந்தது கேட்டது.

"நீங்கதான் சந்திரமோகனா? நடந்தா வந்தீங்க? உட்காருங்க சார், உட்காருங்க."

"ஏன் டாக்டர்?"

"உங்க ஈசிஜி நல்லா இல்ல. டிஸ்சார்ஜ் அப்ப இப்படி இல்ல, இப்ப கோடு நிறைய இறங்கியிருக்கு. வலி இருக்கா?"

போன தடவை எடுத்த ஈசிஜியைச் சொல்கிறார் என்று மோகன் நினைத்துக்கொண்டான். அது இல்லை. அது என்னிடம் அப்போதுதான் எடுத்தது. அவன் ஃபைலில் போட்டுவிட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு மாத்திரையும் தினம் போடுறீங்கல்ல?"

மோகன் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"சார், கேக்குறேன். ஸ்டென்ட் மூடிக்கிட்டா டைம் கிடைக்காது. போடுறீங்களா, இல்லையா?"

"நிறுத்திட்டேன்" என்றான் மோகன். அது என் மகன் குரல் மாதிரியே இல்லை. "டாக்டர்... எனக்குப் பத்து வயசுல பொண்ணு இருக்கா."

சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நான் நின்றேன். அது என் பேப்பர் என்று அப்போதே கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கொஞ்சம் பயப்படட்டும் என்று நின்றேன். அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"டாக்டர் பாபு, அது என்னுது. என்னைத்தான் படுக்கவச்சு எடுத்தாங்க."

சின்ன டாக்டர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மோகன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "நைனா, நீ..." என்று கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே நின்று பைத்தியம் மாதிரி சிரித்தோம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அதை முதலில் பார்த்தது மோகன்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப இது உன்னுதா?"

பத்மஜா அம்மா வந்தார். என் பழைய பேப்பரை எடுக்கச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உட்கார்ந்திருக்கும்போது வலி வருகிறதா தாத்தா என்று கேட்டார். வருகிறது என்றேன். எவ்வளவு நாளாக? ஒரு மாதமாக.

"ஏன் சொல்லல நைனா?"

"நீ அப்பதான் எழுந்திருந்த. நான் வேற எதுக்குன்னு..."

அவன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை.

17 மே

மறுபடி படம் எடுத்தார்கள். லூப் லைனும் போதாத நிலைக்கு வந்துவிட்டதாம். எனக்கு ஒரு ஸ்டென்ட் வைத்துச் சரி செய்ய முடியாது. குழாய் எல்லாம் நீளத்துக்கு இறுகியிருக்கிறது. நெஞ்சைத் திறந்து புது வழி போட வேண்டும். இந்தத் தடவை மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லும் தகுதி இல்லை. மோகனைப் பார்த்தேன். "சரின்னு சொல்லு நைனா" என்றான். சரி என்றேன். பேப்பரில் கையெழுத்து கேட்டார்கள். நடேசன் என்று போட்டேன். நர்ஸ் மையைத் தயாராக வைத்திருந்தாள், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பயத்திலும் ஒரு சந்தோஷம்.

21 மே, ஞாயிறு

நாளை மறுநாள் ஆபரேஷன்.

ரத்தம் வேண்டுமாம். வீட்டுக்காரர்கள் நாலு பேரைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ரத்த வங்கியிலிருந்து ஒரு பெண் வார்டுக்கு வந்து, "பேஷண்ட்டோட பையன் யாரு? நல்லா இருக்கீங்களே, முதல்ல நீங்க வாங்க சார்" என்றாள்.

மோகன் ஸ்டூலைவிட்டு எழவில்லை. "நான் குடுக்கக்கூடாது. ஆளுங்க வர்றாங்க" என்று மட்டும் சொன்னான்.

மத்தியானம் மாதாப்பூரிலிருந்து அவன் ஆபீஸ் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்குகிறது. ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஜூஸ் குடித்துக்கொண்டே ஒருவன் கிண்டல் செய்தான். அவன் பெயர் ராகவேந்திரா. ஹிந்தியில்தான் பேசினான்.

"என்ன மோகன், உங்க அப்பாவுக்கு நாங்க ஊசி குத்திக்கணும், நீ சும்மா உட்கார்ந்திருப்பியா? ஊசின்னா பயமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மோகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கா, ஆகஸ்ட், எல்லாம் எனக்குத் தெரியும். ஊசி என்றால் பயம் என்றுகூட அவன் சொல்லியிருக்கலாம்.

"மார்ச்ல எனக்கு ஹார்ட் அட்டாக்" என்றான். "ஸ்டென்ட் வச்சிருக்காங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன். அதனால குடுக்கக் கூடாது."

"அப்பெண்டிக்ஸ்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

ஜூஸ் உறிஞ்சுகிற சத்தம் நின்றுவிட்டது. பிறகு மூன்று பேர் கீழே போனார்கள். ராகவேந்திரா மட்டும் போகவில்லை. அவனுக்கும் மோகன் வயசுதான் இருக்கும். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி சதுரமாகத் தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"எப்படி இருந்துச்சு மோகன்? முதல்ல எங்க வலிச்சது?"

மோகன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு அவன் பக்கமாக ஸ்டூலைத் திருப்பிக்கொண்டு, மாடிப்படித் திருப்பத்தில் நின்ற நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். கேஸ் என்று சொன்னதை, தோள் வலியை, ஷூ மாட்டும்போது வந்ததை, ஒன்றுவிடாமல். இடையில் ஸ்ரீஜா வந்து தண்ணீர் டம்ளரை நீட்டினாள். பேச்சை நிறுத்தாமலே இரண்டு மாத்திரையையும் போட்டு விழுங்கிவிட்டுத் தொடர்ந்தான்.

எனக்குத் தூக்கம் வருகிறது. ஆபரேஷன் முடிந்து சில நாள் பேனாவைத் தொடவிடமாட்டார்களாம். இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கெஞ்சியாவது வாங்கிவிடுவேன். அடுத்த பக்கத்தில் 28 மே என்று தேதியை மட்டும் இப்போதே போட்டு வைத்திருக்கிறேன்.